எதிர்மறை வலுவூட்டல்னா தண்டனை இல்லைங்க: நடத்தைவாதம், முதல்ல இருந்து

போன மாசம் மத்தியான சாப்பாட்டு நேரத்துல, எங்க ஸ்கூல்ல புதுசா சேர்ந்த டீச்சர் பொண்ணு ஒருத்தி டெட் எக்ஸாமுக்கு, அதான் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டே டிபன் பாக்ஸ திறந்தா. திடீர்னு தலையத் தூக்கி "அக்கா, எதிர்மறை வலுவூட்டல்னா தண்டனை தானே?"ன்னு கேட்டா. இல்லம்மா, ரெண்டும் நேர் எதிர்னு சொன்னேன். நம்பல. அவ கையில இருந்த நோட்ஸ்ல தண்டனைன்னு தான் எழுதியிருந்துச்சு. பக்கத்துல சாப்பிட்டுட்டு இருந்த ரெண்டு பேரும் தண்டனை தான்னு சொன்னாங்க, அதுல ஒருத்தர் பதினஞ்சு வருஷமா பாடம் நடத்தறவர். பெல் அடிச்சிருச்சு, பேச்சு அப்படியே நின்னு போச்சு.

அன்னைக்கு முழுக்க எனக்கு மனசே ஆறல. தூண்டல், துலங்கல் (தூண்டலுக்கு வர்ற பதில்), ஆக்கநிலையுறுத்தல், வலுவூட்டல்னு பி.எட்.ல நாம எல்லாரும் இந்த வார்த்தைங்கள மனப்பாடம் பண்ணி, எழுதி, மார்க் வாங்கி, மறந்தும் போயிட்டோம். ஆனா அதுக்குள்ள இருக்கற விஷயம் ரொம்ப எளிமையானது, வீட்லயும் க்ளாஸ்லயும் தினமும் கை குடுக்கக்கூடியது. அத யாரும் நமக்கு உக்கார வெச்சு சொல்லித் தரல. அதனால சைக்காலஜி பக்கமே போகாதவங்களுக்கும் புரியற மாதிரி முதல்ல இருந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நடத்தைவாதம்னா என்ன? ஒருத்தர் ஏன் இப்படி நடந்துக்கறாருங்கற கேள்விக்கு, மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு ஊகிச்சுக்கிட்டு இருக்காம, வெளியில கண்ணுக்குத் தெரியறத வெச்சே பதில் தேடற ஒரு பார்வை. அந்த செயலுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, செயல் என்ன, அது முடிஞ்ச உடனே என்ன கெடச்சுது. இந்த மூணத்தான் பாக்கணும். உதாரணத்துக்கு ஒரு பையனப் பத்தி "அவன் திமிரு புடிச்சவன்"னு சொல்றோம். எத வெச்சு திமிருன்னு சொல்றீங்கன்னு கேட்டா "எதிர்த்து எதிர்த்துப் பேசறானே"ம்போம், சரி ஏன் எதிர்த்துப் பேசறான்னு கேட்டா "திமிரு தான்"ம்போம். சுத்திச் சுத்தி அதே எடத்துல வந்து நிக்கறோம், ஒண்ணும் புதுசாத் தெரிஞ்சுக்கல. இந்த சுத்தல்ல இருந்து வெளிய வர்றதுக்குத்தான் இந்தப் பார்வையே வந்துச்சு.

அதுக்கு முன்னாடி சைக்காலஜி எப்படி இருந்துச்சுன்னா, 1879ல ஜெர்மனில லைப்சிக்ல வில்ஹெல்ம் வுண்ட் ஒரு லேப் ஆரம்பிச்சார், அங்க பயிற்சி எடுத்த ஆளுங்க தங்களோட உணர்ச்சியத் தாங்களே உள்ள கவனிச்சு சொல்லுவாங்க. சிக்கல் என்னன்னா ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் வேற சொன்னா யார் சொல்றது சரின்னு பாக்க வழியே இல்ல. 1913ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ங்கற பல்கலைக்கழகத்துல இருந்த ஜான் வாட்சன் ஒரு கட்டுரை எழுதி, இது இப்படியே போனா அறிவியல் ஆகாது, எல்லாராலயும் பாத்து அளக்க முடிஞ்ச நடத்தைய மட்டும் எடுத்துக்கலாம்னு போட்டு உடைச்சார். நடத்தைவாதம்ங்கற பேரு அங்க இருந்துதான் ஊரெல்லாம் பரவுச்சு.

வாட்சனுக்கு அஸ்திவாரம் ரஷ்யாவுல இருந்து வந்துச்சு. இவான் பாவ்லவ் சைக்காலஜிஸ்டே கிடையாது, உடலியல்காரர், ஜீரணத்தப் பத்தின ஆராய்ச்சிக்காக 1904ல நோபல் பரிசு வாங்கினவர். நாயோட கன்னத்துல சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணி, எச்சில் வெளியில ஒரு குழாய் வழியா வர்ற மாதிரி செஞ்சு, சொட்டுச் சொட்டா எண்ணுவாங்க. சாப்பாடு வாயில பட்டா எச்சில் ஊறும், அது இயற்கை. ஆனா கொஞ்ச நாள்ல, தீனி போடற ஆள் நடந்து வர்ற சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊற ஆரம்பிச்சிருச்சு. வேற யாராவது இருந்தா இது நம்ம கணக்கக் கெடுக்குதேன்னு எரிச்சல் பட்டிருப்பாங்க. பாவ்லவ் ஜீரணத்த விட்டுட்டு மிச்ச வாழ்நாளே இதுக்குப் பின்னாடி போனார். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர் மேல பெரிய மரியாதை.

நம்ம புக்ல எல்லாம் மணி அடிச்சார்னு போட்டிருக்கும். லேப்ல மெட்ரோனோம்னு பாட்டு க்ளாஸ்ல தாளத்துக்கு வெக்கற கருவி, பஸ்ஸர், லைட்டுன்னு பலதும் பயன்படுத்தினாங்க. மெட்ரோனோம் டிக் டிக்னு ஓடும், உடனே தீனி வரும். இப்படிப் பல தடவ சேர்ந்து சேர்ந்து வந்ததுக்கப்புறம் வெறும் டிக் டிக் கேட்டாலே எச்சில் ஊறும். தீனி இயற்கைத் தூண்டல், டிக் டிக் ஒண்ணுமே இல்லாம இருந்து பின்னாடி தூண்டலா மாறினது, அவ்வளவுதான் ஆக்கநிலையுறுத்தல். ஊசி போட்ட குழந்தை அடுத்த தடவ வெள்ளைக் கோட்டப் பாத்த உடனே அழுறதும் இதே தான்.

இதுல பலரும் கவனிக்காம விடற ஒரு விஷயம் இருக்கு. டிக் டிக் மட்டும் போட்டு தீனியே குடுக்காம விட்டா எச்சில் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னுரும். சரி, மறந்துருச்சுன்னு நெனைப்போம். மறுநாள் அதே நாயக் கொண்டு வந்து டிக் டிக் போட்டா மறுபடியும் கொஞ்சம் ஊறும்! பழசு அழிஞ்சு போகல, அது மேல புதுசா ஒண்ணு படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். விட்டுட்டேன்னு நெனச்ச பழக்கம், போயிருச்சுன்னு நெனச்ச பயம் திடீர்னு திரும்பி வந்தா மனசொடிஞ்சு போக வேண்டாம்னு நான் சொல்றது இதனால தான். 1924ல ரஷ்யாவோட லெனின்கிராட் நகரத்துல பெரிய வெள்ளம் வந்தப்போ பாவ்லவோட நாய்ங்க கூண்டுக்குள்ள மூழ்கப் பாத்து கடைசி நேரத்துல காப்பாத்தினாங்க, அந்த பயத்துல சில நாய்ங்களுக்கு அதுவரைக்கும் கத்துக்கிட்டதெல்லாம் கலைஞ்சே போச்சு. பயத்துல இருக்கற பிள்ளைக்கு பாடம் ஏறாதுன்னு நாம சொல்றோம்ல, எனக்கு அந்த நாய்ங்க தான் ஞாபகம் வரும்.

வாட்சன் 1920ல பண்ணதச் சொல்லித்தான் ஆகணும், சொல்லும்போதே வயிறு கலங்கும். அவரும் ரோசலி ரேய்னரும் ஆல்பர்ட்னு பேரு வெச்சுக் குறிப்பிட்ட ஒரு கைக்குழந்தைய எடுத்துக்கிட்டாங்க, அம்மா அந்த ஆஸ்பத்திரிலயே மத்த குழந்தைங்களுக்குப் பால் குடுக்கற வேலையில இருந்தவங்க. 11 மாசக் குழந்தை. வெள்ளை எலியப் பாத்து அதுக்கு பயமே இல்ல, கை நீட்டி தொடப் போச்சு. தொடும்போது தலைக்குப் பின்னாடி ஒரு இரும்புக் கம்பிய சுத்தியலால ஓங்கி அடிச்சாங்க. ஏழே தடவ தான். அதுக்கப்புறம் எலி மட்டும் வந்தாலே குழந்தை அழுதுக்கிட்டு தவழ்ந்து ஓடுச்சு. முயல், நாய், உரோமக் கோட்டு எல்லாத்துக்கும் அந்த பயம் தொத்திக்கிச்சு. பயத்த உண்டாக்க முடியும்னு நிரூபிச்சாங்க, ஆனா அத எடுக்கறதுக்கு முன்னாடியே குழந்தை ஆஸ்பத்திரிய விட்டுப் போயிருச்சு. இன்னைக்கு எந்தக் கமிட்டியும் இதுக்கு அனுமதி குடுக்காது, குடுக்கவும் கூடாது. எல்லாப் பாடப்புத்தகத்துலயும் ஆல்பர்ட் இருக்கான், ஆனா இதோட அடுத்த பாதி பெரும்பாலும் இருக்காது, அத கடைசில சொல்றேன்.

இதுவரைக்கும் சொன்னது தானா வர்ற துலங்கல். எச்சில், பயம், திடுக்கிடறது. நாம தினமும் செய்யறதுல பாதிக்கு மேல இப்படி இல்ல, நாமளா எந்திரிச்சுப் போய் செய்யறது. அதுக்கு எட்வர்ட் தார்ன்டைக்கோட பூனைங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கணும். 1898ல அவர் பசியோட இருக்கற பூனைய ஒரு கூண்டுக்குள்ள விட்டு வெளியில மீன் வெச்சார். பூனை பிறாண்டும், கடிக்கும், மோதும், எப்படியோ கயித்த இழுத்துரும், கதவு திறந்துக்கும். திரும்பத் திரும்ப விட்டா நேரம் குறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா ஒரேயடியா இல்ல, மெதுவா. அதுக்கு ஐடியா பளிச்னு வந்து கத்துக்கல, பலன் தந்த அசைவு தங்குச்சு, பலன் தராதது உதிர்ந்துச்சு. விளைவு விதின்னு நாம படிக்கறது இதத்தான்.

அதப் பிடிச்சுக்கிட்டு எங்கயோ கொண்டு போனவர் பி.எஃப். ஸ்கின்னர், 1904ல பிறந்து 1990ல இறந்தவர். ஒரு பெட்டி, உள்ள ஒரு எலி, ஒரு நெம்புகோல், அமுக்கினா ஒரு தீனி உருண்டை விழும். எலி எவ்வளவு வேகமா அமுக்குதுன்னு ஒரு பேப்பர் சுருள்ல கோடு தானா வரையும். இந்தக் கோட்டத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் படிச்சார். எதுக்கப்புறம் ஒரு நடத்தை கூடுதோ அது வலுவூட்டல். கூடணும், அது தான் வரையறை. நீங்க பரிசுன்னு நெனச்சுக் குடுத்து நடத்தை கூடலன்னா அது வலுவூட்டலே இல்ல.

இப்போ அந்த ஸ்டாஃப் ரூம் கேள்விக்கு வர்றேன். நான் கணக்கு டீச்சர், கணக்கு மாதிரியே சொல்றேன். நேர், எதிர்ங்கறத நல்லது கெட்டதுன்னு படிச்சா குழப்பம் தான் வரும். ப்ளஸ், மைனஸ்னு படிங்க. ப்ளஸ்னா ஏதோ ஒண்ணு சேருது, மைனஸ்னா ஏதோ ஒண்ணு விலகுது. வலுவூட்டல்னா நடத்தை கூடுது, தண்டனைன்னா நடத்தை குறையுது. காருல பெல்ட் போடலன்னா பீப் பீப்னு கத்துது, போட்ட உடனே சத்தம் நின்னுருது, அடுத்த தடவ ஏறின உடனே போட்டுடறோம். தொல்லை விலகுச்சு, மைனஸ். பெல்ட் போடறது கூடுச்சு, வலுவூட்டல். இது தான் எதிர்மறை வலுவூட்டல். தலைவலி மாத்திரையும் அப்படித்தான், போட்டா வலி போகுது, அடுத்த தடவ கை தானா மாத்திரைக்குப் போகுது. குட்டு வெக்கறது ப்ளஸ் தண்டனை, பி.டி. பீரியட புடுங்கிக்கறது மைனஸ் தண்டனை. ஆக மொத்தம் நாலு கட்டம், முடிஞ்சது.

இத வெறும் வரையறையா படிச்சா மறந்துரும், அதனால ஒரு காட்சி. சூப்பர் மார்க்கெட்ல பில் போடற எடம், சாயங்காலம், பின்னாடி அஞ்சாறு பேரு வரிசைல நிக்கறாங்க. குழந்தை கைக்கெட்டற உசரத்துல சாக்லேட் அடுக்கி வெச்சிருக்கு. குழந்தை கேக்குது, அம்மா வேணாங்கறாங்க, குழந்தை தரையில உக்காந்து கத்துது, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்து போகுது, ஒண்ண எடுத்து கையில திணிக்கறாங்க. கத்தல் நின்னுருச்சு. இங்க பாடம் படிச்சது யாரு? ரெண்டு பேருமே. கத்தினா சாக்லேட் வரும்னு குழந்தை கத்துக்கிச்சு, அது நேர்மறை. குடுத்தா கத்தல் நிக்கும்னு அம்மா கத்துக்கிட்டாங்க, அது எதிர்மறை. அடுத்த தடவ குழந்தை இன்னும் சீக்கிரம் கத்தும், அம்மா இன்னும் சீக்கிரம் குடுப்பாங்க. இதுல யாரும் கெட்டவங்க இல்ல, செல்லம் குடுத்து கெடுத்துட்டான்னு சொந்தக்காரங்க பேசற பேச்சுக்கும் இங்க வேலை இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வாத்தியாரா ஆயிட்டாங்க, அவங்களுக்கே தெரியாம.

அந்த அம்மா மறுநாள் ஒரு முடிவு எடுக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க, இனிமே குடுக்கவே மாட்டேன்னு. நாலு தடவ தாக்குப் பிடிக்கறாங்க, அஞ்சாவது தடவ உடம்பு முடியாத நாள், குடுத்துடறாங்க. தினமும் குடுத்ததவிட இது மோசம். ஏன்னு ஸ்கின்னரோட ஒரு சனிக்கிழமை சொல்லும். அப்போ எலிக்கான தீனி உருண்டைங்கள அவரே மெஷின்ல செய்யணும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையிருப்ப எண்ணிப் பாத்தா, திங்கக்கிழமை காலைல தீந்துரும் போல இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் பூரா உருண்டை புடிக்கறதுக்கு பதிலா, ஒவ்வொரு அமுக்கலுக்கும் குடுக்காம நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு குடுத்துப் பாத்தார். எலி விடல, தொடர்ந்து அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. எப்பவாவது கெடச்சாப் போதும், நடத்தை நிக்காதுங்கற இந்த விஷயத்த அதுக்கப்புறம் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோட சேர்ந்து வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு 1957ல ஒரு தடிமனான புத்தகமாவே போட்டாங்க. அதுல எத்தனாவது தடவ கெடைக்கும்னு தெரியாத முறை தான் ரொம்ப வலுவானது. சூதாட்ட மெஷின் அப்படித்தான் ஓடுது. மொபைல கீழ இழுத்து இழுத்து புதுசா ஏதாவது வந்துருக்கான்னு பாக்கறோமே, பத்து தடவைல ஒரு தடவ ஏதோ நல்லதா வருது, அந்த ஒண்ணுக்காக மிச்ச ஒம்பதையும் இழுக்கறோம்.

இன்னொண்ணு சொல்லிடறேன், 1948ல ஸ்கின்னர் புறாவ வெச்சு பண்ணது. புறா என்ன செஞ்சாலும் செய்யாட்டியும் 15 செகண்டுக்கு ஒரு தடவ தீனி வரும். 8 புறாவுல 6 புறா தனக்குன்னு ஒரு சடங்கு பிடிச்சுக்கிச்சு, ஒண்ணு சுத்திச் சுத்தி வந்துச்சு, ஒண்ணு கூண்டு மூலைல தலைய நீட்டி நீட்டி எடுத்துச்சு. தீனி வந்த நேரத்துல தற்செயலா என்ன பண்ணிட்டு இருந்துச்சோ அது ஒட்டிக்கிச்சுன்னு ஸ்கின்னர் சொன்னார், பின்னாடி வந்தவங்க வேற விளக்கமும் குடுத்தாங்க. எக்ஸாமுக்கு அதே ராசியான பேனாவத் தேடற பிள்ளைங்களப் பாக்கும்போது எனக்கு அந்தப் புறாங்க ஞாபகம் வரும்.

என் க்ளாஸ் கதை ஒண்ணு. ஆறாம் வகுப்புல ஒரு பையன், கணக்கு பீரியட்ல ஒரு எடத்துல உக்கார மாட்டான். எந்திரிப்பான், நடப்பான், அடுத்தவன் நோட்ட எட்டிப் பாப்பான். நான் "டேய், உக்காரு"ம்பேன், க்ளாஸே சிரிக்கும், உக்காருவான், அஞ்சு நிமிஷத்துல மறுபடி. ரெண்டு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் தான் திட்டறத நிறுத்திட்டு எண்ண ஆரம்பிச்சேன். நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, பக்கத்துல அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சுன்னு ரெண்டே வார்த்தை. முதல் நாள் 40 நிமிஷத்துல 11 தடவ. ஒரு வாரம் எழுதினதப் புரட்டிப் பாத்தேன், எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பின்னாடிங்கற பக்கம் முழுக்க "நான் கூப்பிட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க"ன்னே இருந்துச்சு. நான் தண்டனைன்னு நெனச்சுக் குடுத்தது அவனுக்கு மொத்த க்ளாஸோட கவனம். முன்னாடிங்கற பக்கத்துல பாதிக்கு மேல "போர்டுல எழுதினேன்"னு இருந்துச்சு. வாய்க்கணக்கு போடும்போது அவன் எந்திரிக்கறதே கம்மி.

பையனுக்கு போர்டு சரியாத் தெரியல. அவ்வளவுதான். முதல் பெஞ்சுக்கு மாத்தி, அவங்க அம்மாவ வரச் சொல்லி கண் டெஸ்ட் பண்ணச் சொன்னேன், கண்ணாடி வந்துச்சு, பாதி அலைச்சல் அதோட போச்சு. மிச்ச பாதிக்கு நான் மாறினேன். எந்திரிச்சா பாக்கவே மாட்டேன், உக்காந்து எழுதிட்டு இருக்கும்போது பக்கத்துல போய் நோட்டப் பாத்து "இந்த ஸ்டெப் சரியா போட்டிருக்க"ன்னு ஒரு வார்த்தை. முதல் நாலு நாள் நெலைமை மோசமாச்சு, ஒரு நாள் 17 கோடு. இது வரும்னு படிச்சிருந்ததால தான் தாங்கினேன். வழக்கமா கெடைக்கறது திடீர்னு நின்னா முதல்ல இன்னும் வேகமா முட்டிப் பாக்கும், லிஃப்ட் வரலன்னா பட்டன நாம அழுத்து அழுத்துன்னு அழுத்தறோமே அந்த மாதிரி. அந்த நேரத்துல விட்டுக் குடுத்தா 17க்கு தான் வலுவூட்டல் குடுத்த மாதிரி ஆயிரும். மூணாவது வாரத்துல மூணு, நாலு தடவைல நின்னுச்சு. அதுக்கு மேல குறையணும்னு நான் ஆசைப்படல, பதினோரு வயசுப் பையன்.

அடிச்சா நின்னுருக்காதான்னு கேப்பீங்க. அந்த நிமிஷம் நிக்கும், அதனால தான் அடிக்கற கைக்கு அது எதிர்மறை வலுவூட்டலா ஆகி மறுபடி மறுபடி ஓங்குது. ஆனா தண்டனை எத செய்யக்கூடாதுன்னு மட்டும் தான் சொல்லுது, பதிலுக்கு எத செய்யணும்னு சொல்லித் தர்றதில்ல, அடிக்கறவர் இல்லாத நேரத்துல பழசு திரும்பிரும். ஸ்கின்னரே தண்டனைக்கு எதிரானவர், இது பலருக்கும் தெரியாது. மேல பாவ்லவ் கணக்கையும் இங்க சேத்துக்கோங்க, அடியோட சேந்து வந்த டீச்சர், கணக்கு புக்கு, ஸ்கூல் கேட்டு எல்லாமே பயமா மாறிரும். நம்ம நாட்டுல 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவு பிள்ளைங்கள உடம்பாலயும் மனசாலயும் துன்புறுத்தறத தடை பண்ணுது, சட்டம் இல்லன்னாலும் நான் இதத்தான் சொல்லுவேன்.

இவ்வளவு சொன்னதால எல்லாத்துக்கும் இது தான் சாவின்னு நான் நம்பறேன்னு நெனைக்காதீங்க. பெரிய ஓட்டை இருக்கு. ஸ்கின்னர்கிட்டயே படிச்ச கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட்னு ஒரு தம்பதி மிருகங்களுக்கு வித்தை பழக்கறதத் தொழிலாவே பண்ணாங்க. ரக்கூன்னு கீரிப்பிள்ளைய விடக் கொஞ்சம் பெருசா, கண்ணச் சுத்தி கறுப்பா இருக்கற ஒரு பிராணி, அதுக்கு காச எடுத்து உண்டியல்ல போட்டா தீனின்னு பழக்கினாங்க. ஒரு காசு வரைக்கும் எப்படியோ சமாளிச்சுது. ரெண்டு காசக் குடுத்தா போடவே மாட்டேங்குது, ரெண்டையும் தேய்ச்சுத் தேய்ச்சு கையிலயே வெச்சுக்குது, தண்ணில எரைய அலசற மாதிரி. தீனி கெடைக்காதுன்னு ஆனாலும் விடல. பிறவியில வர்ற குணம் வலுவூட்டல மீறிருச்சு. 1961ல அவங்களே அத மனசாரச் சொல்லி எழுதினாங்க. 1966ல ஜான் கார்சியா எலிங்கள வெச்சு காட்டினது இன்னொண்ணு, வயித்தக் கலக்கினா எலி சுவையத்தான் வெறுக்கும், வெளிச்சத்தையோ சத்தத்தையோ இல்ல. எதோட எது வேணா சேரும்ங்கறது உண்மை இல்லன்னு ஆச்சு.

மொழி விஷயத்துல பேச்சும் வலுவூட்டலால தான் வருதுன்னு சொன்ன ஸ்கின்னர 1959ல நோம் சாம்ஸ்கிங்கற மொழியியல்காரர் நேரா எதிர்த்தார், யார்கிட்டயும் கேக்காத வாக்கியத்தக் குழந்தை எப்படிப் பேசுதுன்னு கேட்டார். என் பொண்ணு ரெண்டரை வயசுல "நான் நடச்சேன்"னு சொல்லுவா, படிச்சேன், குடிச்சேன் மாதிரி. எங்க வீட்ல யாரும் அப்படிச் சொன்னதில்ல, சொன்னதுக்கு யாரும் முட்டாயும் குடுக்கல. அவளா ஒரு விதியக் கண்டுபிடிச்சு போட்டுப் பாக்கறா. ஆல்பர்ட் பந்துரா 1961ல, பெரியவங்க ஒரு பொம்மைய அடிக்கறதப் பாத்த குழந்தைங்க அப்படியே அடிச்சதக் காட்டினார், பாத்தே கத்துக்கறாங்க. ஆட்டிசம் உள்ள குழந்தைங்களுக்கு இந்த நடத்தைவாத முறையில பயிற்சி குடுக்க ஆரம்பிச்ச காலத்துல, 1960கள்ல, ஈவார் லோவாஸ் அடியும் மின்சார ஷாக்கும் கூட பயன்படுத்தினார். வெளிய நடத்தை மாறுதான்னு மட்டும் பாத்து, உள்ள அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்குன்னு கேக்காம விட்டா எங்க கொண்டு போய் விடும்ங்கறதுக்கு அது சாட்சி. அப்படி வளந்த ஆட்டிசம் உள்ள பெரியவங்க இன்னைக்கு அந்த வலியப் பத்தி பேசறாங்க, அவங்க சொல்றத நாம கேக்கணும்.

சரி, வாட்சனோட அந்தக் கைக்குழந்தை ஆல்பர்ட் கதையோட அடுத்த பாதி. ரேய்னரோட காலேஜ்ல ஒண்ணாப் படிச்ச மேரி கவர் ஜோன்ஸ், பயத்த உண்டாக்க முடிஞ்சா எடுக்கவும் முடியணும்ல அப்படின்னு யோசிச்சாங்க. 1924ல வெளிவந்துச்சு அவங்க வேலை. பீட்டர்னு மூணு வயசு கூட நெறையாத பையன், முயல் அந்த ரூம்ல கூண்டுக்குள்ள இருந்தாலே பயந்தான். பயப்படாத மத்த குழந்தைங்களோட விளையாட விட்டு, முயலத் தள்ளி வெச்சு, 12 அடி, 4 அடி, 3 அடின்னு கிட்டக் கொண்டு வந்தாங்க. நல்லாப் போயிட்டு இருந்தப்போ அவனுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில. திரும்பி வரும்போது டாக்ஸில ஏறுற நேரம் பாத்து ஒரு பெரிய நாய் மேல பாஞ்சுருச்சு, பயமெல்லாம் திரும்பிருச்சு. மேரி மறுபடி ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவ அவனுக்குப் பிடிச்ச சாப்பாட்டக் குடுத்து, அவன் சாப்பிடறது நிக்காத தூரத்துல முயலக் கொண்டு வந்து, தினமும் கொஞ்சம் கிட்ட. கடைசில முயல் அவன் விரலக் கொறிக்க விட்டான்.

இத நான் எங்க வீட்ல செஞ்சு பாத்திருக்கேன். பொண்ணுக்கு மூணு வயசுல மிக்ஸி ஓடிட்டு இருக்கும்போது மூடி கழண்டு சட்னி அவ மூஞ்சில தெறிச்சிருச்சு. அதுக்கப்புறம் மிக்ஸிய மேல இருந்து எடுத்தாலே காத பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுவா. "ஒண்ணும் ஆகாதுடி"ன்னு நூறு தடவ சொன்னேன், சொல்லி என்ன ஆகும், மெட்ரோனோமுக்கு எச்சில் ஊறற நாய்கிட்ட சாப்பாடு வராதுன்னு சொல்லிப் பாக்கற மாதிரி தான். அப்போ தான் பீட்டரப் பத்தி படிச்சிருந்தேன். அவளுக்கு தேங்காப்பால் ஊத்தின இடியாப்பம்னா உயிர். அத ஹால்ல வெச்சு ஊட்டும்போது, வயர் சொருகாத மிக்ஸி டைனிங் டேபிள்ல சும்மா இருக்கும், அவ்வளவுதான். நாலஞ்சு நாள் கழிச்சு மிக்ஸி அடுக்களையில, கதவு சாத்தி, அவர் ஒரே ஒரு செகண்ட் ஓட விட்டு நிறுத்துவார். அவ வாய் மெல்லறது நின்னா நாங்க வேகமாப் போறோம்னு அர்த்தம், அடுத்த நாள் ஒரு படி பின்னாடி. கதவு பாதி திறந்து, முழுசா திறந்து, ரெண்டு செகண்ட், அஞ்சு செகண்ட். நடுவுல ஒரு நாள் காலை அவசரத்துல அவ பக்கத்துல நிக்கறத கவனிக்காம என் அம்மா மிக்ஸியப் போட்டுட்டாங்க, அலறிட்டா, திரும்பவும் வயர் இல்லாத மிக்ஸில இருந்து ஆரம்பிச்சோம். ஆனா இந்தத் தடவ பாதி நாள் தான் ஆச்சு.

ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை தோசைக்கு தேங்கா அரைக்க வெச்சிருந்தேன், அவ ஸ்டூல இழுத்துட்டு வந்து ஏறி நின்னா. "மூடிய நல்லா அமுக்கிப் புடிம்மா"ன்னு என்கிட்ட சொல்லிட்டு, ஒரு கையால காதப் பொத்திக்கிட்டு இன்னொரு கையால சுவிட்சத் திருப்பினா.